குண்டில்லாத இரண்டு மாதங்கள்

துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போனது என் மகள்தான். அவளை ரேஞ்சில் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் வேலை. சில வாரங்களிலேயே அவளுக்கு அலுத்துவிட்டது. "எனக்கு வேணாம்மா, கை வலிக்குது" என்றாள். இனி வரமாட்டாள் என்று சொல்வதற்காக நான் மட்டும் போனேன். அங்கே பயிற்சியாளர் ஒரு பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இவ்ளோ நாளா உக்காந்து பாத்தீங்களே, நீங்க ஒரு தடவ புடிச்சிப் பாருங்கக்கா."

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஏர் பிஸ்டலைக் கையில் பிடித்தேன். ஐந்து குண்டில் மூன்று அட்டையிலேயே படவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் வேறு எந்த நினைப்பும் வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க மற்றவர்களிடம் "மூச்ச இழுங்க, நிறுத்துங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என் மூச்சை நானே கவனித்தது அன்றைக்குத்தான். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் போயிற்று. சொந்தமாக ஒரு பிஸ்டலும் வாங்கினேன். ஆனால் அறுபது குண்டுக்கு மொத்தம் அறுநூறு புள்ளி என்றால், ஐந்நூற்றுப் பதினெட்டு என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. வெளிச்சம் சரியில்லை, டியூட்டி முடித்து வந்த அலுப்பு, கைப்பிடி பெரிசு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். அந்த வருஷ மழையில் ரேஞ்சின் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போனது. வேலை முடிய இரண்டு மாதமாகும் என்றார்கள். அது முடிந்த கையோடு போட்டி.

"வீட்லயே டிரை பிராக்டிஸ் பண்ணுங்கக்கா. குண்டு வேணாம், டார்கெட்டும் வேணாம். வெறும் சுவரு போதும்" என்றாள் பயிற்சியாளர்.

முதலியார்பேட்டையில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கூடத்தில் ஒரு சுவரிலிருந்த காலண்டரையும் போட்டோக்களையும் கழற்றினேன். குண்டு டப்பா படுக்கையறை பீரோவில் பூட்டிக் கிடக்கும். பிஸ்டல் காலியாக இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவேன். விடிந்ததும் அரை மணி நேரம். தூக்குவது, குழல் நுனியிலிருக்கும் குறிமுனையைப் பார்ப்பது, விசையை மெல்ல அழுத்துவது. 'டிக்' என்று ஒரு சத்தம். இறக்குவது. மறுபடி தூக்குவது.

என் வீட்டுக்காரர் வீராம்பட்டினத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். டீ குடித்துக்கொண்டே பார்ப்பார்.

"சுடாமலே சுடக் கத்துக்கறியா? எஞ்சின ஸ்டார்ட் பண்ணாமலே ரிப்பேர் பாக்கற மாரி இருக்குது."

எனக்கே முதல் வாரம் அப்படித்தான் தோன்றியது. இரண்டாவது வாரம் மகள் செல்போனில் என்னை வீடியோ எடுத்தாள், தோழிகளிடம் காட்டிச் சிரிப்பதற்கு. எடுத்ததைத் திருப்பிப் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க பாரு. டிக்குனு சத்தம் வரதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கற நீ."

பார்த்தேன். கண் மூடியது. கூடவே மணிக்கட்டும் துளி கீழே இறங்கியது. ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு குண்டுக்கும் இதையேதான் செய்திருக்கிறேன். ரேஞ்சில் சத்தமும் அட்டையில் விழும் ஓட்டையும் அதை மறைத்துவிட்டன. வெள்ளைச் சுவர் எதையும் மறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது; உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டதே. வெளிச்சமும் இல்லை, கைப்பிடியும் இல்லை, நான்தான்.

அன்றிலிருந்து எண்ணும் விதத்தை மாற்றினேன். கண் திறந்திருந்து, 'டிக்' கேட்ட பிறகும் குறிமுனை அசையாமல் நின்றால் மட்டுமே அது ஒரு தடவை. முதல் நாள் அப்படி நான்குதான் தேறியது.

ஒரு காலை வீட்டுச் சொந்தக்கார அம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர், பதறினால் பிரெஞ்சு வந்துவிடும்.

"மொந்தியே! எதிர்வீட்டுக்காரி சொல்றா, நீ தெனம் துப்பாக்கிய வச்சிகினு சுவத்தப் பாத்து நிக்கிறியாமே? வீட்ல எதுனா சண்டையா?"

காலியான பிஸ்டலைத் திறந்து காட்டி, விளக்கி, செய்தும் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரமும் பார்த்தார். போகும்போது, "எதிர்வீட்டுக்காரிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ நிறுத்தாத" என்றார். அன்று மாலையே எங்கள் ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை ஒன்றும் வந்தது.

போட்டியன்று முதல் பத்துக் குண்டுவரை கண் அட்டைக்கே ஓடியது. பிறகு எதிரே அட்டை இருப்பதையே மறந்தேன். குறிமுனை மட்டும்தான் தெரிந்தது. அறுபதாவது குண்டு முடிந்து பிஸ்டலைக் கீழே வைத்தபோது தோள் கல்லாய்க் கனத்தது. ஐந்நூற்று நாற்பத்தொன்று. பெண்களில் மூன்றாமிடம். முதல் இரண்டு பேரும் கல்லூரிப் பெண்கள்.

பயிற்சியாளர் ஓடி வந்தாள். "ரெண்டு மாசமா ரேஞ்சே இல்ல. வெறும் சுவத்தப் பாத்தே இவ்ளோவா? வேற எங்கயாவது போய் சுட்டீங்களாக்கா?"

"ஒரு குண்டு கூட சுடல."

பெருமை என்பதை நான் அதுவரை மகள் மூலமாகவும் அவள் மார்க்குகள் மூலமாகவும்தான் அறிந்திருந்தேன். இது எனக்கே எனக்கானது. நான் நின்று, நானே ஒத்துக்கொண்டு, நானே திருத்தியது.

திரும்பும்போது பஸ்ஸில் மெடலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காலிக் கூடையோடு வைத்திக்குப்பத்து மீன்காரம்மா ஒருவர்.

"பொண்ணு ஜெயிச்சதா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நான் ஜெயிச்சது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, "குடு பாப்போம்" என்று வாங்கினார்.