கடலூர் வரை ஓர் ஆயில் கூலர்

என் வீட்டுக்காரரின் பழைய காரில் தண்ணீர் ஊற்ற இடமே கிடையாது. காற்றும் ஆயிலும்தான் அதன் பின்பக்க என்ஜினைக் குளிர வைக்க வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாராவது "ரேடியேட்டர் எங்கங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், மனுஷனுக்கு முகமெல்லாம் பல். அப்படியே விட்டிருக்கலாம். பெரிய பிஸ்டன் போட்டு என்ஜினை முறுக்கேற்றினார். அன்றோடு நிம்மதி போச்சு. கடலூர் கடற்கரைக்கென்று மூன்று முறை கிளம்பினோம். மூன்று முறையும் ஆயில் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக்குப் போய், பாதி வழியில், குள்ளஞ்சாவடிக்கு முன்பே ஏதோ ஒரு புளியமரத்தடியில் நின்றோம். மூன்றாவது முறை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று கத்திவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவரிடம் காரை விற்கப் பேசி முடித்துவிட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து எடுத்துப் போவாராம். விற்க வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வீம்பு விடவில்லை.

சனிக்கிழமை பார்த்தால், ஆயில் சூட்டைத் தணிக்கக் கூடுதலாக ஓர் ஆயில் கூலர் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"போற வூட்டுலயாவது நல்லா ஓடட்டும்" என்றார்.

கார் அழகு கெடக்கூடாதென்று அதை என்ஜின் அறைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார். சுரங்கத்துப் பம்ப்ஹவுஸில் வருஷக்கணக்காகச் சூடு காட்டும் ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். எப்படிச் சும்மா இருப்பேன்?

"அடுப்பு மேலயா உக்காந்து காத்து வாங்குவீங்க? கீழ எறக்குங்க. கியர்பாக்ஸ் பக்கத்துல, ரோட்டுக் காத்து படற எடத்துல வைங்க. சின்னதா ஒரு ஃபேனும் போடுங்க."

"வெளிய தெரியுமே?"

"தெரியட்டுமே! என் மூக்குக்கண்ணாடி தெரியல?"

சிரித்துவிட்டார். நாங்கள் பேசிக்கொண்டு எட்டு நாளாகியிருந்தது.

மறுநாள் காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்தால், கூலரைக் கீழே இறக்கி, ஃபேனும் மாட்டி, வாசலில் கார் ஓட்டத்துக்குத் தயாராக நிற்கிறது. "வடலூர் வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டு" என்றார். "நீங்க ரோட்டப் பாருங்க, ஊசிய நான் பாத்துக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தேன்.

ஊசி மெல்ல ஏறியது. பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. அங்கேயே நின்றது. மர நிழலும் வெயிலும் மாறி மாறி என் மடியில் விழுந்துகொண்டிருந்தன. பின்னாலிருந்து வந்த இரைச்சல் காருடையதா, இன்னும் காதில் மிச்சமிருந்த பம்ப்ஹவுஸுடையதா என்று தெரியவில்லை. ஊசி கொஞ்ச நேரம் கண்ணுக்குள் மிதந்தது. பிறகு அதுவும் இல்லை.

விழித்தபோது உதட்டில் உப்புக் காற்று. எதிரே கடல். அந்தக் காரில் நான் கண்ணயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"எழுப்பியிருக்கலாம்ல?"

"வடலூர்ல திரும்பணும்னுதான் நெனச்சேன். வண்டியும் நிக்கல, நீயும் முழிக்கல. அப்பிடியே வந்துகினே இருந்தேன்."

அவர் போன் அடித்தது. வியாபாரி எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிறாராம். என் வீட்டுக்காரர் வாயெடுப்பதற்குள் போனைப் பிடுங்கினேன்.

"மன்னிச்சுக்குங்கண்ணா, கார் குடுக்கறதா இல்ல" என்றேன். "நாங்க கடலுக்கு வந்துட்டோம்."