தூங்காமல் பாஸாகப் பார்த்தவர்

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் ஆனந்தகுமாரைத் தெரியாத தாய்மார் குறைவு. பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறார். அதற்கு முன்னால் வேலந்தாவளத்திலிருந்து எர்ணாகுளத்துக்குத் தக்காளி லாரி ஓட்டியவர். பழம் நசுங்காமல் கொண்டுபோய்ப் பழகிய கால் என்பதால், அவர் பிரேக் போடுவதே பிள்ளைகளுக்குத் தெரியாது. காலையில் நாற்பத்திரண்டு பேர், சாயங்காலம் அதே நாற்பத்திரண்டு பேர். கடைசிப் பிள்ளை வாசலுக்குள் போகும்வரை வண்டியை நகர்த்த மாட்டார்.

நாற்பத்தேழாவது வயதில் அவருக்கு ஒரு விசித்திரமான தொல்லை வந்தது. விழித்திருக்கும் வரை ஒன்றுமில்லை. படுத்து, கண் செருகி, உடம்பு தளர்ந்து, தூக்கத்துக்குள் கால் வைக்கிற அந்த நொடியில் நெஞ்சுக்குள் தவளை ஒன்று குதிக்கும். உடனே இருதயம் தடதடவென்று ஓட ஆரம்பிக்கும். பதறி எழுந்து உட்கார்ந்தால் நாலைந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். மறுபடி படுத்தால் மறுபடி குதி.

அவருடைய அண்ணன் சென்னியப்பன் ஐம்பத்திரண்டு வயதில் தூக்கத்திலேயே போனவர். அந்த நினைப்பு வராமல் இருக்குமா? ஆனாலும் சாவைவிட வண்டியை நினைத்துத்தான் ஆனந்தகுமார் அதிகம் பயந்தார். நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் அது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, படுக்கப் பயந்து சுவரில் சாய்ந்து உட்காருவதும், பகலில் கண் சொக்காமலிருக்கப் பால் விடாத கட்டன் சாயா குடிப்பதுமாக ஒரு மாசத்தைத் தள்ளினார்.

மனைவி கோமதி கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். பாலக்காட்டில் ஒரு இருதய டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஈசிஜி, ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறை இல்லை. குதிக்கிற நேரத்தில் பார்த்தால்தானே பிடிபடும் என்று, சனிக்கிழமை பதினோரு மணிக்கு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்ன மெஷினை மாட்டிவிட்டார்கள். இருபத்துநாலு மணி நேரமும் நெஞ்சு துடிப்பதை அது பதிந்துகொண்டே இருக்கும்.

"சாதாரணமா என்னெல்லாம் செய்வீங்களோ அதெல்லாம் செய்யணும் சேட்டா. குளிக்க மட்டும் வேண்டாம்" என்றாள் நர்ஸ் இந்து. "நெஞ்சு குதிச்சா இந்தப் பட்டனை அமுக்கி, மணி எத்தனைன்னு தாள்ல எழுதணும்."

தலையை நன்றாகத்தான் ஆட்டினார். வீட்டுக்கு வந்து செய்தது வேறு. மே மாசம் பள்ளி வண்டி ஆர்.டி.ஓ. டெஸ்டுக்குப் போகும்போது கூடப் போகிறவர் அவர். பெயின்ட் அடித்து, பிரேக்கைப் பார்த்து, முனகுகிற கதவுக்கு எண்ணெய் விட்டு, அன்றைக்கு ஒரு நாள் வண்டியைப் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவார். உடம்பையும் அப்படியே நிறுத்தினார். சாயாவைத் தொடவில்லை. மாடிப்படி ஏறவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி வழக்கம்போல வரப்புத் தகராறு பேச வந்தபோது, "நீங்க சொல்றது நாயந்தானுங்ண்ணா" என்றார்.

காளிச்சாமி தகராறை விட்டுவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "கோமதி, இவனுக்கு என்னம்மணி ஆச்சு? சொன்னதுக்கெல்லாம் தலையாட்டறான்! ஆசுபத்திரியில என்னத்தக் குடுத்தாங்க?"

இதெல்லாம் மேல்பூச்சுத்தான். உள்வேலை, அவர் இரவு முழுக்கத் தூங்காமலே இருந்துவிட்டது. ஞாயிறு விடிந்ததும் கோமதி தாளை எடுத்துப் பார்த்தாள். ஒரு எழுத்து இல்லை.

"ஏனுங்க, ஒண்ணுமே வரலீங்களா?"

"வரல."

"தூங்குனீங்களா?"

அவர் இடுப்பிலிருந்த மெஷினைத் தடவிக்கொண்டார். "தூங்குனாத்தான வரும்?"

கோமதிக்கு அப்போதுதான் விளங்கியது. "அட சாமி! இதென்ன வண்டி டெஸ்டுங்களா, ஒரு நாளைக்கு மட்டும் மெழுகிக் காட்டறதுக்கு?"

"பாஸாயிட்டாப் போதும் கோமதி. சாவி நம்ம கையில இருக்கும்."

"சாவி இருக்கும். நெஞ்சுல இருக்கறது எங்க போகும்? நாளைக்கு அந்த நாப்பத்திரெண்டு கொழந்தைகளையும் ஏத்தறப்ப, இந்த வெறுங்காயிதத்த நம்பி ஸ்டேரிங்கப் புடிப்பீங்களா?"

ஆனந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழு. மெஷினைக் கழற்ற இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. "பாயப் போடு" என்றார்.

வேண்டாம் என்று விரட்டியபோது ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்த தூக்கம், வா என்று கூப்பிட்டபோது வரவில்லை. கோமதி செல்போனை அணைத்தாள், கோழிகளைத் தோட்டத்துக்குத் துரத்தினாள், மிக்ஸியைத் தொடாமல் அம்மியில் அரைத்தாள். விஷயம் தெரிந்து மனசு கேட்காமல் வந்த காளிச்சாமி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னலருகே நின்று, "தூங்கிட்டானா அம்மணி?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"இன்னும் இல்லீங்ண்ணா" என்று உள்ளிருந்து ஆனந்தகுமாரே பதில் சொன்னார்.

ஒன்பதரை மணிக்குத் தோற்றுப்போய் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினார்கள். ஜன்னலோர இருக்கை. வயல்காற்று. வேறு ஒருவர் ஓட்டுகிற வண்டியில் ஆனந்தகுமார் தூங்கியதே கிடையாது. வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். ஆனால் ஒரு மாசத்துத் தூக்கம் பாக்கி இருந்தது. இரண்டாவது ஸ்டாப் தாண்டுவதற்குள் தலை கோமதியின் தோளில் சாய்ந்தது.

"வந்துருச்சு!"

அவர் போட்ட கத்தலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அமுக்குங்க, அமுக்குங்க!" என்றாள் கோமதி.

கண்டக்டர் அவசரமாக மணியை அடித்தார். டிரைவர் வண்டியை நிறுத்தினார். இரண்டு பக்கமும் வயல். ஒரு கொக்கு மட்டும் நின்றது. "இங்க ஸ்டாப் இல்லையே. எறங்கணுமா?" என்றார் கண்டக்டர்.

"எறங்கலீங்க. நாங்க மெஷினச் சொன்னமுங்க. நீங்க போங்க" என்றாள் கோமதி. சிரிப்பை அடக்கிக்கொண்டே தாளில் மணியை எழுதினாள். பாலக்காடு போய்ச் சேருவதற்குள் அவர் இன்னும் இரண்டு தடவை கண் அயர்ந்தார், இரண்டு தடவையும் குதித்தது, இரண்டு தடவையும் அமுக்கினார். இத்தனை நாளில் அது வந்ததற்காக அவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மெஷினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து, திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் மறுபடி டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மா கோடு கோடாக இருந்த தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "ஒரு துடிப்பு அவசரப்பட்டு முந்தி வந்துடுது. அப்பறம் சின்னதா ஒரு இடைவெளி. அடுத்தது பலமா விழுது. அதுதான் உங்க தவளை. பகல்லயும் வந்திருக்கு, நடமாட்டத்துல தெரியல. படுத்து எல்லாம் அடங்கினதும் கேக்குது. பின்னால தடதடன்னு ஓடறது பயத்துல. அதுவும் ஒழுங்காத்தான் ஓடுது. ஸ்கேனும் நல்லா இருக்கு. மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே வரணும். மத்தபடி ஆபத்தில்ல."

"வண்டி ஓட்டலாமுங்களா?"

"ஓட்டலாம்."

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தகுமார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை சாயா?"

"எட்டு, பத்து இருக்குமுங்க. கண்ணு சொக்காம இருக்கோணுமல்லங்க?"

"சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசமுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தூங்காத ஆளு ஒரு மாசமா பிள்ளைகளை ஏத்தி ஓட்டியிருக்கீங்க. எனக்கு உங்க நெஞ்சைப் பத்திப் பயமில்ல, இதுலதான் பயம். தூக்கம் கெட்டதும் அத்தனை சாயாவும் சேர்ந்துதான் அதை இன்னும் அதிகமாக் குதிக்க வைக்குது."

அவர் தலை குனிந்தது. வெளியே வந்ததும் பள்ளிக்கூட வண்டிகளைக் கவனிக்கிற பூபதிராஜாவைப் போனில் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு நாளைக்கு வேற டிரைவரப் போடுங்க. வியாழக்கிழமை வாரேன்."

"ஏனுங்க, ரிப்போர்ட்டு மோசங்களா?"

"நல்லா இருக்குதுங்க. ஓட்டலாம்னுட்டாங்க."

"அப்பறம் எதுக்குங்க லீவு?"

"தூங்கோணுங்க. தூங்கிட்டு வந்து ஓட்டறேன்."

அன்று மத்தியானம் சோறு உண்டதும் படுத்தார். கோமதி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கண் செருகியது. உடம்பு ஒரு தூக்கு தூக்கிப்போட்டது. அவர் எழுந்து உட்காரவில்லை.

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"அப்பறம்?"

"போயிருச்சு" என்று திரும்பிப் படுத்தார். அடுத்த கொத்தை அவள் உருவி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது.