கதவைத் திறந்தால் ஒரு படம்

முட்டை ஏற்றுமதியில் இருப்பவன் கோழிக்காய்ச்சலுக்கு அடுத்தபடியாகப் பயப்பட வேண்டியது உலகச் செய்திகளுக்குத்தான்.

நாமக்கல்லில் இருந்து வளைகுடாவுக்கு முட்டை அனுப்பும் கிடங்கில் எனக்கு லோடு அனுப்பும் பொறுப்பு. கண்டெய்னருக்கு சீல் வைத்து, லாரி தூத்துக்குடி ரோட்டில் திரும்பிவிட்டால் அதற்கப்புறம் கப்பல்காரன் பாடு என்று நினைத்திருந்தேன். ஈரான் அணுகுண்டு செய்கிறதா இல்லையா என்று பெரிய நாடுகள் பேச உட்கார்ந்ததும் அந்த நிம்மதி போயிற்று. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எவனோ எவனையோ முறைப்பான், தூக்கம் நமக்குப் போகும்.

இந்தக் கோடியும் அந்தக் கோடியும்

எங்கள் பேக்கிங் ஹாலில் செல்வி என்றொரு பெண். மோகனூர்க்காரர். அவருடைய கணவர் முருகேசனுக்கு பஹ்ரைனில் குளிர்கிடங்கு வேலை. எங்கள் முட்டை போய் இறங்குவதும் அதே கிடங்கில்தான். இவர் மூடும் பெட்டியை அவர் திறப்பார். அதைச் சொல்லிச் சொல்லியே ஹாலில் கேலி செய்வார்கள்.

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் டீ நேரத்தில், “பயமா இருக்குதாம்மா?” என்று கேட்டேன். செல்வி டம்ளரைக் கீழே வைத்தார்.

“பேசிக்கிட்டு இருக்கற வரைக்கும் பயமில்லீங்கண்ணா. எங்க மாமியாளும் அப்பிடித்தான், பேச்சை நிறுத்துனாத்தான் எனக்குப் பயம்.”

கதவுப் படம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே கண்டெய்னர் கதவைத் திறந்ததும், ஒரு பெட்டியைக்கூட இறக்காமல், தெர்மாமீட்டரை உள்ளே நீட்டிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சரக்கு கெடாமல் வந்ததற்கு அதுதான் சாட்சி. அந்தப் படத்தை எனக்கு அனுப்புவது முருகேசன். முகம் தெரியாது. தெர்மாமீட்டரைப் பிடித்த கை மட்டும் தெரியும், மணிக்கட்டில் சாயம் போன கோயில் கயிறு.

படம் வந்த நாளெல்லாம் செல்வி என் மேசைக்கு வந்துவிடுவார். கண் அந்தக் கையை விட்டு அகலாது, ஆனால் கேட்பது ஒரே கேள்விதான்.

“முட்டையெல்லாம் உடையாமப் போயிருச்சுங்களா?”

கூர்முனை

முட்டையைத் தட்டில் கூர்முனை கீழே, தடித்த முனை மேலே இருக்கும்படிதான் அடுக்க வேண்டும். மாறினால் சீக்கிரம் கெட்டுப்போகும். செல்வி கண்ணை மூடிக்கொண்டே சரியாக அடுக்குவார். பேச்சுவார்த்தை முறிந்தது என்று டிவியில் சொன்ன அன்று ஹாலைச் சுற்றி வந்தேன். பக்கத்து மேசை லட்சுமி தன் வேலையை விட்டுவிட்டு செல்வி அடுக்கிய தட்டுகளில் முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். செல்வி அதைக் கவனிக்கவே இல்லை.

எனக்கு முன்கோபம் அதிகம். வாயைத் திறப்பதற்குள் லட்சுமி கையைக் காட்டித் தடுத்தார்.

“அவ மனசு இங்க இல்லீங்க. நாங்க திருப்பி வெச்சுக்கறோம், நீங்க ஒண்ணுஞ் சொல்லிப்போடாதீங்க.”

பாலிசி

அந்த லோடு கடலில் இருக்கும்போதுதான் ஈரானின் அணு நிலையங்கள் மேல் குண்டு விழுந்தது. பதிலுக்கு வளைகுடா வானத்தில் ஏவுகணைகள் பறந்தன. எங்கள் கப்பல் வளைகுடாவுக்குள் நுழையும் ஜலசந்திக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. முருகேசனின் போன் அணைந்து கிடந்தது.

முதலாளி பதறிப்போய் இன்சூரன்ஸ்காரருக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். செல்வி என் மேசை ஓரம் நின்றிருந்தார். சரக்கு, கப்பல், துறைமுகம் எல்லாம் பேசினோம். அங்கே இருக்கும் ஆட்களைப் பற்றி நாங்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது.

“இடிமின்னல்னா குடுப்போம் சார். சண்டைக்கு நாங்க பொறுப்பில்லை,” என்றார் இன்சூரன்ஸ்காரர்.

அந்தக் கை

சண்டை நின்றது. கப்பல் உள்ளே போனது. ஒரு பகல் நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து கதவுப் படம் வந்தது. நான் கூப்பிடவில்லை, என் மேசை மேலேயே கண்ணாக இருந்த செல்வியே ஓடி வந்தார். தெர்மாமீட்டரைப் பிடித்த கை. அதே சாயம் போன கயிறு. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

உடனே அந்த நம்பரிலிருந்து அழைப்பு. முருகேசன்தான். சைரன் கேட்டு ஓடியபோது போன் தங்குமிடத்திலேயே கிடந்துவிட்டதாம். இன்னும் உள்ளே விடவில்லையாம், வீட்டு நம்பர் மனப்பாடம் இல்லையாம். கதவுப் படம் அனுப்ப மேனேஜர் இன்றுதான் தன் போனைக் கொடுத்தாராம், அதில் என் நம்பர் இருந்ததாம். அதோடு விடவில்லை.

“ஏனுங்க, ஒரு பெட்டியப் பிரிச்சுப் பார்த்தா ஒரு தட்டு முழுக்கத் தலைகீழா இருக்குதுங்க. யாரு அடுக்குனதுன்னு பாத்து நாலு திட்டுத் திட்டுங்க!” என்றார்.

லட்சுமி கண்ணிலும் ஒரு தட்டு தப்பியிருக்கிறது. நான் போனை செல்வியிடம் நீட்டினேன்.

“நாந்தானுங்க மாமா அடுக்குனேன். நல்லாத் திட்டுங்க, கேட்டுக்கறேன்.”

பெரிய நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாமக்கல்லில் முட்டை தலைகீழாகும் என்பதற்கு மேல் ராஜதந்திரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது.