பாலுக்குப் போன நடை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் கிளாசோடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாக இருக்கும், பல காரியம் மறந்தும் போகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தீட்டு நிற்கிற வயசில் எனக்குச் சர்க்கரை வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்துவிட்டு, தினமும் காலையில் வியர்க்கிற மட்டும் நடக்க வேண்டும் என்றார். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. என் அக்காவுக்கு இதே சர்க்கரையில் முட்டுக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். குடிக்க ஒரு வாய் வெள்ளத்துக்கு அவள் கட்டிலில் கிடந்து ஆள் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். என் கால் எனக்கு வேண்டும் என்று மட்டும் மனசில் இருந்தது.

மறுநாள் விடியக்காலம் குளத்தங்கரைக்கு இறங்கினேன். கையில் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை காலையில் வெறுங்கையோடு வேகமாகப் போனால் எங்கோ சாவு விழுந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். பல் தேய்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரர் வழிமறித்துக் கேட்டார்.

"மைனி, எங்க இம்புட்டு வேகமா? ஆருக்கு என்ன?"

"ஆருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மாவா?" என்று அவர் என் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் அது என் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது.

"ஏட்டி, வீட்டில சண்டையாண்ணு என்னட்ட கேக்கான். எங்க போன?"

"நடக்கச் சொல்லியிருக்காவ இல்லியா."

"அடுக்களைக்கும் கிணத்தடிக்கும் நடக்கது நடையில்லாம பின்ன நீச்சலா?"

அவர் தினமும் ஜங்ஷன் வரைக்கும் நடந்து, சாயா குடித்து, வர்த்தமானம் பேசித் திரும்புவார். அவரிடம் யாரும் எங்கே என்று கேட்டதில்லை.

அந்தச் சமயம் வீட்டுக்கு வந்து பால் ஊற்றுகிறவள் மாட்டை விற்றுவிட்டாள். பால் சொசைட்டியில் போய்த்தான் வாங்க வேண்டும். காலையில் எழுந்து யார் போவது என்று வீட்டுக்காரர், மருமகள் எல்லாரும் சடைத்தார்கள். நான் போகிறேன் என்றேன். சொசைட்டி நாலு வீடு தள்ளித்தான். நான் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு குளத்தை முழுக்கச் சுற்றிப் போவேன்.

"பாலுக்கா மைனி?"

"ஆமா."

அவ்வளவுதான். அதற்குமேல் கேள்வி இல்லை.

சில வருசம் அப்படிப் போயிற்று. மழையில் குடை பிடித்துக்கொண்டும் போனேன். ராத்திரி உடம்பு தீயாய்க் கொதித்து எழுந்து உட்காருகிறது குறைந்தது. தரையில் கை ஊன்றாமல் எழும்ப முடிந்தது. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக்கி, "இந்த நடைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது.

கல்ஃபில் இருந்து மகன் லீவுக்கு வந்தான். ஒரு நாள் சாரலில் நனைந்து வாளியோடு நான் படியேறுவதைப் பார்த்துவிட்டான். முகம் வாடிவிட்டது அவனுக்கு.

"அம்ம மழையில பால் சொமக்கா, நாம கெடந்து ஒறங்குகோம்" என்று அப்பாவிடம் சடைத்தான். அன்றைக்கே ஃப்ரிட்ஜ் வந்தது. மறுநாள் முதல் பாக்கெட் பால் வாசலுக்கு வந்தது.

"இனி நீ அலையண்டாம்மா."

"எனக்கு அலைச்சலில்ல மக்கா."

"ஒனக்கு எதுதான் அலைச்சல்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாசத்தில் செய்தவனிடம் என்ன சொல்ல? பால் வீட்டுக்கு வேண்டியது. நடை எனக்கு வேண்டியது. எனக்கு வேண்டும் என்று ஒரு காரியத்தை அந்த வீட்டில் நான் கேட்டுப் பழகவில்லை.

மகன் திரும்பிப் போனபிறகு மல்லியிலை, தீப்பெட்டி என்று சொல்லி இறங்கிப் பார்த்தேன். "சொன்னா நான் வாங்கிட்டு வரமாட்டனா?" என்று இவர் எல்லாம் சேர்த்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து போட்டார். ஒரு நாள் துணிந்து வெறுங்கையோடே இறங்கினேன். குளத்து முக்கில் யாரோ எங்கே என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு மாத்திரை கூடியது, ஊசி வந்தது, காலில் மரமரப்பு வந்தது. செருப்பு கடித்துப் புண்ணானது எனக்குத் தெரியவே இல்லை. நாற்றம் வந்துதான் பார்த்தோம். பெருவிரலை எடுத்தார்கள்.

கட்டு மாற்றப் போனபோது பழைய டாக்டரம்மா இல்லை. சின்ன வயசுக்காரர் ஒருவர் இருந்தார்.

"நடந்துட்டு இருந்தீங்கன்னு பழைய சீட்டுல இருக்கே. ஏன் விட்டீங்க?"

நான் வார்த்தை தேடுவதற்குள் கூட வந்திருந்த இவர் சொன்னார்.

"சொன்னா கேக்க மாட்டா டாக்டர். மடி, சோம்பல். வீட்டில ஒரு வேலையும் கெடையாது. பால்கூட வாசலுக்கு வருது."

டாக்டர் என்னைப் பார்த்து, "உங்க உடம்ப நீங்கதானேம்மா பாத்துக்கணும்" என்றார்.

இவர் பொய் சொல்லவில்லை. அத்தனை வருசமும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். இரண்டு ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து காலில் சுற்றிய கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரும்போது ஆட்டோவில், "மானத்த வாங்கிட்டியே" என்றார்.

இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கும் கிணத்தடிக்கும் நடக்கிறேன்.

மருமகள் இதை ஒருதடவை வாசித்துப் பார்க்க வேண்டும். மாத்திரையைப் பாதியாக்கினது மகன் லீவுக்கு வந்ததற்கு முந்தின வருசமா, அதற்கும் முன்னாலா என்று எனக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் அலமாரியில் கிடக்கிறது. வருசம் தப்பாக இருந்தால் திருத்தட்டும். டாக்டரிடம் இவர் சொன்னதில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது எனக்கு நல்ல ஓர்மை.