ஒருவருக்கு மட்டும் போட்ட ஸ்டேட்டஸ்

ரிஸ்மியா மிஸ் போய்விட்டார்.

முந்தாநாள் காலையில் க்ளாஸ் குரூப்பில் மெசேஜ் வந்தது. ஹார்ட் அட்டாக்காம்... எங்களை எல்லாம் குனிய விட்டு, நிமிர விட்டு, பிழிந்து எடுத்த மனுஷி. யாரோ தவறாக அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கே அடக்கமும் முடிந்துவிட்டது. இன்று அக்குறணையில் அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

தெரியாதவர்களுக்கு... மிஸ் ஒரு துணிக்கடை மாடியில் பெண்களுக்கு மட்டும் எக்ஸர்சைஸ் க்ளாஸ் நடத்தினார். சுகர் வந்து, டாக்டர் ஏசிய பிறகு நான் போய்ச் சேர்ந்த இடம்.

கதவடியில் ஒரு அகன்ற நீலப் பிளாஸ்டிக் பேசன் இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் போனை அதில் போட்டுவிட வேண்டும். அபாயாவும் ஷோலும் கழற்றி வைத்துவிட்டுப் பயிற்சி செய்கிற இடம், ஒருவருடைய படமும் வெளியே போகக் கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம்.

நடுவில் பேசன் அலறும். "புருஷன்மாரெல்லாம் கொஞ்சம் பசியில ஈக்கட்டும்" என்பார். சிரித்தே பாதி மூச்சு போய்விடும் எங்களுக்கு.

ஆனால் க்ளாஸ் முடிந்ததும் மிஸ் மட்டும் தன் போனை எடுப்பார். தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்து, சுவர்ப் பக்கம் தனியாக நின்று ஏதாவது ஒரு பயிற்சியை வீடியோ எடுப்பார். ஸ்டேட்டஸ் போடவாம். எங்கள் ஒருவர் போனிலும் அந்த ஸ்டேட்டஸ் வந்ததே இல்லை... கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

புது போன் வாங்கியபோது என்னிடம் நீட்டி, பழையதில் இருந்தது மாதிரியே எல்லாம் வைத்துத் தரச் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன். அந்த ஸ்டேட்டஸ் ஒரே ஒருவருக்கு மட்டும். டோஹாவில் இருக்கும் மகள் ஷிஃபாவுக்கு.

அவள் தான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு போனபோது மிஸ் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச்சு இல்லை.

"அவ்ளோ ஏசிட்டு, என்ன முகத்தோட கோல் எடுக்கிற, சாந்தி? நான் நல்லா ஈக்கிறேன்டு அவ பாத்தா போதும்" என்றார் என்னிடம்.

ஒவ்வொரு நாளும் க்ளாஸ் தொடங்கும் முன், முந்தின நாள் போட்டதை யார் பார்த்தார்கள் என்று தேடுவார். ஒருவரும் இல்லை. "இன்டைக்கும் பாக்கல்ல" என்பார். க்ளாஸ் முடிந்ததும் மறுபடி போத்தலில் போனைச் சாய்ப்பார்... எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் கோபமாக வரும்.

கடைசிக் கிழமைகளில் மிஸ்ஸுக்கு மூச்சு வாங்கியது. பாதியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த வீடியோவை அழிப்பார். முகத்தைத் துடைத்துவிட்டு, சிரித்தபடி மறுபடி எடுப்பார்.

டாக்டரிடம் போகச் சொல்லி நாங்கள் எல்லோரும் சண்டை பிடித்தோம். மழை விடட்டும் என்றார்.

இன்று ஷிஃபாவைப் பார்த்தேன். அடக்கம் முடிந்த பிறகுதான் அவளால் வந்து சேர முடிந்திருக்கிறது. உம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் க்ளாஸில் இருந்து வந்தவள் என்று தெரிந்ததும், என்னை அறைக்குள் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினாள். உள்ளே முழுக்க மிஸ்ஸின் வீடியோக்கள்... ஒரு நாளில் மறைந்துவிடுமே என்று ஒவ்வொன்றையும் சேமித்து வைத்திருக்கிறாள்.

"எல்லாம் பாத்தேன் அக்கா. நான் பாக்கிறது உம்மாக்குத் தெரியக் கூடாதுன்டு ப்ளூ டிக்க ஓஃப் பண்ணி வெச்சிருந்தேன். உம்மா முதல்ல கோல் எடுப்பாங்கன்டு பாத்துட்டே இருந்தேன்."

ப்ளூ டிக்கை நிறுத்திவிட்டால் ஸ்டேட்டஸ் பார்த்ததும் தெரியாதாம். மிஸ்ஸுக்கு அது தெரியாது. எனக்கும் இன்றுதான் தெரியும்.

பிறகு கேட்டாள். "உம்மா சொகமாத்தானே இருந்தாங்க? சிரிச்சிட்டே தானே செஞ்சாங்க?"

சிரித்துத்தான் செய்தார் என்றேன்... கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், அழித்த வீடியோக்களையும் சொன்னேன். அவள் அழுத அழுகையை எழுத என்னால் முடியாது. இதையெல்லாம் எழுதச் சொன்னதும் அவள்தான்.

திரும்பி வரும்போது துணிக்கடை மாடியில் லைட் இல்லை. பேசன் உள்ளேதான் கிடக்கும்.

போய் வாருங்கள் மிஸ்.

அவள் பார்த்தாள்... எல்லா நாளும் பார்த்தாள்.