அடிக்காமல் விட்ட கடைசி அடி

மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு கல்யாணப் பந்தலில்தான் அவரைப் பார்த்தேன். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. கட்டை குட்டையான மனிதர், அடர்ந்த மீசை. பேண்டு வாசிக்கத் தொடங்கியதும் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டார். பாட்டு ஓயும்வரை எடுக்கவேயில்லை.

அப்போது மலாக்கா பேண்டுகளுக்கு ஒரு பழக்கம். பாட்டின் கடைசி அடியை டிரம்காரர் அடிக்காமல் விட்டுவிடுவார். கூட்டம் கைதட்டி முடித்துவைக்கும். இதை யார் ஆரம்பித்திருப்பார்கள் என்று பக்கத்திலிருந்த அவரிடம் சும்மா கேட்டுவைத்தேன்.

"நாங்கதான்," என்றார் மலாய் வாடை அடிக்கும் தமிழில். "நான்தான் டிரம். ஒரு கல்யாணத்துல கடைசி அடிக்கு முன்னால தோல் கிழிஞ்சுபோச்சு. ஜனங்களே தட்டி முடிச்சாங்க. அப்புறம் வேணும்னே விட்டோம். கொஞ்ச மாசம்தான் லா. அக்கார்டியன்காரன் சிங்கப்பூர் போனான், பேண்டும் போச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடையில இருக்கிற டிரம்காரனுக்கு இது தெரியுமா அண்ணே? இருங்க, போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"ஜாங்ஙான், தம்பி! வேணாம்!" சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "சொன்னா அவன் என்னைப் பார்த்து அடிப்பான். ஜனங்களைப் பார்த்துல்ல அடிக்கணும்?"

அதற்குள் அடுத்த பாட்டும் முடிவுக்கு வந்து, கடைசி அடியின் இடம் காலியாக நின்றது. அவர் கைகள் கக்கத்தைவிட்டு வரவில்லை. முழங்கையால் என்னை இடித்தார்.

"தட்டுப்பா. உனக்குத்தான் விட்டிருக்கான்."

தட்டினேன். அது அவருக்காகத் தட்டியது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.