தமிழய்யாவின் மீசை

பாச்சா உருண்டை மணத்தால் எனக்கு ஒரு மீசை ஞாபகம் வரும். அப்போது சங்கரன்கோவில் டுட்டோரியலில் நான் இங்கிலீஷ் வாத்தியார். ஜெயிலைப் பழைய இங்கிலீஷில் ஜி, ஏ, ஓ, எல் என்று எழுதுவார்கள் என்றேன்.

“அது நம்ம ‘காவல்’தான் வே! இல்லைன்னா மீசையை எடுத்திடுதேன்” என்றார் தமிழய்யா.

பாச்சா உருண்டை மணக்கும் என் அகராதியை விரித்தேன். கூண்டு என்ற பொருளில் லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்த சொல்லாம். தமிழய்யா வாக்குத் தவறாமல் சலூனுக்குப் போய் வழித்துவிட்டார். எங்கள் பக்கம் அப்பா செத்தால்தான் மீசையை எடுப்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் அப்பாவோ பக்கத்து ஊர் கரிவலத்தில் கல்லுக்குண்டாட்டம் இருந்தார்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போக அவர் பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டர், “யாரு தவறிட்டா அண்ணாச்சி, அப்பாவா?” என்றார்.

தமிழய்யா ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கத்தினார்: “நாளைக்கு வீட்டுக்கு வாரும் வே! எங்கப்பாகிட்ட, அவர் இன்னும் சாகலைன்னு நீருதான் சொல்லணும்!”